முதல் கரம் போட்டிக்குப் போகுமுன்: கையையும் மனதையும் தயார்ப்படுத்துவது எப்படி?

வன்னியில் ஊர் வாசிகசாலைகளுக்குப் போனால் ஒரு மூலையில் கரம் போட் கிடக்கும். பின்னேரமானால் வயலால் வந்தவர்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், ரியூசன் முடிந்த பிள்ளைகள் என்று நாலு பேர் இருந்து விளையாட, இன்னும் கொஞ்சப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த இடத்தில் யாராலும் வெல்ல முடியாத ஒருவர் பிரதேச மட்டப் போட்டிக்குப் போய் முதல் சுற்றோடு திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவருக்கு விளையாட்டு மறந்துபோகவில்லை. போட்டின் உயரம், வெளிச்சம், எதிரே இருக்கும் முகம், சத்தம் எல்லாம் ஒரே நாளில் மாறியதில் மனம் தடுமாறியது; மனம் தடுமாற விரல் இறுகியது.

இளைஞர் கழகப் போட்டிக்கோ, பாடசாலைப் போட்டிக்கோ, பிரதேச விளையாட்டு விழாவுக்கோ முதன்முதலாகப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காயை எப்படி வெட்டிப் போடுவது, சட்டத்தில் பட்டுத் திரும்பும்படி எப்படி அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். பூல், ஸ்நூக்கர் விளையாடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: மேசையைச் சுற்றி நடக்கலாம், கோலின் நுனிக்குச் சோக் பூசிக்கொண்டே யோசிக்கலாம். கரம் விளையாடுபவருக்கு அந்த நடை கிடையாது. இருந்த கதிரையை அசைக்காமல், எழும்பாமல் ஒரு போட்டை, அதாவது காய் அடுக்கியதில் இருந்து முடியும்வரையான ஒரு தடவை ஆட்டத்தை, முடிக்க வேண்டும். பதற்றம் கால் வழியாகப் போக வழியில்லாததால் அது நேரே விரலுக்குத்தான் வரும். அதற்கு முன்கூட்டியே வேறு வழி பழகி வைக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போகிறவை எல்லாம் ஒரே விடயத்தைச் சுற்றித்தான் இருக்கும். போட்டி நாளில் நீங்கள் புதிதாக முடிவெடுக்க வேண்டியவை எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு மனம் அமைதியாக இருக்கும். மற்றதெல்லாம் முதலே தீர்மானித்துப் பழக்கமாகிவிட்டிருக்க வேண்டும்.

ஒரு கிழமைக்கு முன்: கதிரைக்கு மாறுங்கள்

ஊரில் போட்டை எதன்மேல் வைத்து விளையாடுகிறோம்? பழைய ரயர், தண்ணீர்ப் பரல், ஒரு பிளாஸ்ரிக் கதிரை, சில இடங்களில் வெறும் நிலம். பாயில் சம்மணம் கட்டியிருந்து பழகிய கைக்கும் நின்று குனிந்து பழகிய கைக்கும் போட்டி மேசை புதிய ஊர் மாதிரி. விதிப்படி போட் நிலத்திலிருந்து 63.5 முதல் 70 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் கண்ணின் கோணம் மாறும், முழங்கையின் இடம் மாறும், நேரான அடிகூட ஒரு நூல் விலகும். ஆகவே குறைந்தது ஒரு கிழமைக்கு முன்னரே அந்த உயரத்துக்கு ஒரு மேசையையோ பெட்டியையோ தேடிப் பிடித்து, கதிரையில் இருந்து விளையாடத் தொடங்குங்கள்.

கூடவே, வாசிகசாலையில் யாரும் கவனிக்காத மூன்று விடயங்களையும் பழக வேண்டும். மூலைக்குப் போகும் அம்புக்குறிக் கோடு வெளியே நீண்டால் எங்கே போகுமோ, அதைத் தாண்டி முழங்கை போகக் கூடாது. கை தவிர உடம்பின் வேறு பகுதி போட்டில் படக் கூடாது. உங்கள் முறை வந்து 15 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும். இந்த 15 விநாடி கேட்கக் குறைவாகத் தெரியும், பழகினால் தாராளம். தம்பியையோ தங்கச்சியையோ பக்கத்தில் இருத்தி எண்ணச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாளும் அந்த எண்ணும் குரலே எரிச்சல் தரும். பிறகு காதில் விழாது.

புள்ளிக் கணக்கையும் இப்போதே மனதில் ஏற்றிவிடுங்கள். ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போட். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவருக்கே போட்டியில் வெற்றி. சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. ஆனால் உங்கள் கணக்கு 22 ஐத் தொட்டபின் அந்த 3 சேராது. இதை அன்றைக்கு யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 22 இல் இருந்துகொண்டு சிவப்புக்காகக் கஷ்டமான அடியைத் தேடிப்போய்க் கெட்டவர்கள் நிறைய.

சத்தமில்லாத இடத்தில் மட்டும் பழகுவதில் எனக்கு உடன்பாடில்லை. போட்டி மண்டபத்தில் ஒலிபெருக்கி இருக்கும், பக்கத்து மேசையில் கைதட்டுவார்கள், திருவிழாக் காலமென்றால் கோயில் பாட்டும் சேரும். வாசிகசாலையில் ஆட்கள் கூடும் நேரமே உங்களுக்கு நல்ல பயிற்சி நேரம். சுற்றி நிற்கும் அண்ணைமார், “உந்தக் காயை விட்டிட்டு அங்கால அடி” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கேட்டபடியே நீங்கள் நினைத்ததை அடித்து முடிக்கப் பழகுங்கள்.

மாரி காலத்துப் போட்டி என்றால் இன்னொரு விடயம். ஈரக் காற்றில் பலகை மந்தமாகும், பவுடரும் கட்டிபிடிக்கும். நல்ல போட்டில் 15 கிராம் ஸ்ரைக்கரை (காயை அடிக்கிற பெரிய வட்டை) முழுப் பலத்தோடு அடித்தால் குறைந்தது மூன்றரைத் தடவையாவது போய்த் திரும்ப வேண்டும் என்பது அளவு. மழை நாளில் அந்த ஓட்டத்தை எதிர்பார்க்க முடியாது. பவுடரை வெயிலில் காயவைத்து மூடிய போத்தலில் வைத்திருங்கள். மந்தமான போட்டில் விளையாடுவதையும் வேண்டுமென்றே பழகுங்கள். போட்டை லைற்றுக்குக் கீழே சூடாக்கிவிட்டுத்தான் விளையாடுவேன் என்ற பழக்கம் உங்களுக்குத் தெரியாமலே உங்களைக் கட்டிப்போடும்.

முதல் நாள்: கைக்கு ஓய்வு

நம் பக்கத்தில் விளையாடுகிற பலர் மண்வெட்டி பிடிக்கிற கைக்காரர். முதல் நாள் வரம்பு கட்டினாலோ கச்சான் பிடுங்கினாலோ அடுத்த நாள் விரலில் மெல்லிய அசைவு வராது. பலமான அடி வரும். காயைத் தொட்டும் தொடாமலும் தள்ள வேண்டிய இடத்தில்தான் கை ஏமாற்றும். வீட்டில் சொல்லி அந்த ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். கிணற்றில் வாளி இழுப்பதைக்கூட வேறு யாரிடமாவது விடலாம்.

நகம் வெட்டுவதென்றால் இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். ஸ்ரைக்கர் நகத்தில் படுகிறதா சதையில் படுகிறதா என்பதை விரல் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. புதிதாக வெட்டிய நகத்தோடு போனால் அது முதலில் இருந்து படிக்க வேண்டும்.

இரவு பத்து மணிவரை விளையாடிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். பத்துப் பதினைந்து இலகுவான நேர் அடிகள் அடித்து, கடைசிக் காய் விழுந்ததும் போட்டை மூடி வைத்துவிடுங்கள். பிழைத்த அடியோடு படுத்தால் அதுவே இரவு முழுக்க ஓடும். பையையும் அப்போதே கட்டுங்கள்: ஸ்ரைக்கர், சிறிய துவாய், சவர்க்காரத் துண்டு, தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை. உங்கள் ஸ்ரைக்கர் 15 கிராமுக்கு மேலோ 4.13 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேலோ இருந்தால் நடுவர் விடமாட்டார். கடையில் வாங்கிய எல்லா ஸ்ரைக்கரும் அளவுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

அன்று காலை

வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக. புட்டும் மீன்குழம்பும் குழைத்துச் சாப்பிட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவினால் விரல் நுனியில் எண்ணெய் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஸ்ரைக்கரின் மேலே விரலை வைத்து எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள், மங்கலான ஒரு ரேகைத் தடம் தெரியும். அந்தத் தடம் தெரியும்வரை அடி வழுக்கும். சவர்க்காரம் போட்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவித் துடைத்தபின் மறுபடி வைத்துப் பாருங்கள். தடம் வராவிட்டால் கை சுத்தம்.

தேத்தண்ணி குடிக்கிறவர்கள் வழக்கமான ஒன்றைக் குடியுங்கள். பதற்றத்தில் அங்கே கொடுக்கிற ஒவ்வொரு கோப்பையையும் வாங்கிக் குடித்தால் கை நடுங்கும். அடிக்கடி வெளியே ஓடவும் வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: போரிக் பவுடர் வயிற்றுக்குள் போவது நல்லதல்ல. விளையாடிய கையோடு வடையை எடுத்துக் கடிக்கிற பழக்கத்தை, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற ஆசிரியர்கள், நிறுத்த வேண்டும்.

போகிற வழியும் தயாரிப்பில் சேர்த்திதான். மல்லாவியில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள் என்றால் நீங்கள் ஓட்டாதீர்கள், பின்னால் இருங்கள். குன்றும் குழியுமான கிரவல் வீதியில் அரை மணித்தியாலம் அக்சிலேற்றரைப் பிடித்துவிட்டு இறங்கினால் வலது உள்ளங்கை மரத்துப்போயிருக்கும். பஸ்ஸில் போனாலும் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கை அடிக்கிற கையாக இருக்கக் கூடாது.

மண்டபத்தில்

அறிவித்தலில் எட்டரை என்று போட்டிருக்கும். அதன் பிறகு விருந்தினர் வர வேண்டும், மங்கல விளக்கு ஏற்ற வேண்டும், தலைமையுரை, வரவேற்புரை, பிறகு குலுக்கல். இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்து நிகழ்ச்சிகள் அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். எட்டரைக்கு உச்சத்துக்குக் கொண்டுவந்த மனம் பதினொரு மணிக்குச் சோர்ந்துபோகும். வந்தவுடன் ஒருமுறை மண்டபத்தைச் சுற்றிப் பாருங்கள், பிறகு வெளியே மரநிழலில் போய் இருங்கள். உங்கள் ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம் தொடங்கியதும் உள்ளே வந்து கையைக் கழுவி, விரல்களை மடக்கி நீட்டி, மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். அதுவரை மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பத்து ஆட்டம் பார்த்தவர் பத்து ஆட்டம் விளையாடியவர் அளவு களைத்திருப்பார்.

சுற்றிப் பார்க்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டுதான்: வெளிச்சம், காற்று. மேலே சுழலும் மின்விசிறிக்கும் மேலாக லைற் இருந்தால் போட்டில் நிழல் வெட்டி வெட்டி விழும். சோளகக் காலத்தில் திறந்த யன்னல் பக்கம் பவுடரும் தூசியும் பறந்து ஒரு மூலை மட்டும் மண்டியாக இருக்கும். பார்த்து வைத்துக்கொண்டால் போதும். முறைப்பட வேண்டியது ஆட்டத்தைப் பாதிக்கிற அளவுக்கு இருந்தால் மட்டும், அதுவும் தொடங்குமுன் நடுவரிடம்.

பூவா தலையா போலத்தான் காயை மறைத்துக் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் முதல் அடியா, பக்கம் மாறுவதா என்று நீங்கள் தெரிவு செய்யலாம். எதைக் கேட்பது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வாருங்கள். புதியவர்களுக்கு என் ஆலோசனை, முதல் அடியை எடுங்கள். வெள்ளை உங்களுக்கு வரும், நெஞ்சு படபடப்பும் அந்த முதல் அடியோடு பாதி குறைந்துவிடும்.

தொடங்குமுன் இரண்டு ஒத்திகை போட் வரை தருவார்கள். நேரம் போதாத இடங்களில் ஒன்றோடு நிறுத்தவும் கூடும். அதில் காய் போட்டுக் கெட்டித்தனம் காட்டுவது வீண். ஒரு மெல்லிய அடி, ஒரு நடுத்தர அடி, ஒரு பலத்த அடி, நாலு சட்டத்திலும் ஒவ்வொரு திரும்பல். போட் எவ்வளவு ஓடுகிறது, எந்தச் சட்டம் துள்ளுகிறது என்று கைக்குத் தெரிந்தால் ஒத்திகை முடிந்தது.

திருநீறும் ராசியான ஸ்ரைக்கரும்

பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போவது, மாதா சுரூபத்தின் முன் சிலுவை அடையாளம் போடுவது, தொழுதுவிட்டு வருவது, அம்மம்மாவின் காலில் விழுந்து கும்பிடுவது: இவற்றை யாராவது மூடநம்பிக்கை என்று சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு ஆறுகிறது, நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற நிறைவு வருகிறது. பழக்கமாகச் செய்கிற எந்தச் சின்னச் சடங்குக்கும் இந்தப் பலன் உண்டு.

நான் பார்க்கும் வேறுபாடு ஒன்றுதான். அந்தச் சடங்கு எப்போதும் உங்கள் கைக்குள் இருக்கிறதா? கும்பிடுவதை எங்கேயும் செய்யலாம். இந்தப் பக்கத்துக் கதிரைதான் ராசி என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பக்கம் மாறுகிற விளையாட்டில் பாதி நேரம் நீங்கள் ராசியில்லாத இடத்தில் இருப்பீர்கள். நீலச் சேட்தான் ராசி என்றால் கழகத்தின் ரீசேட் சிவப்பாக இருக்கும். ஒரே ஒரு ஸ்ரைக்கரில் மட்டும் உயிரை வைத்திருப்பதும் ஆபத்து. நிறையில் பிடிபடலாம், விளிம்பு சிதையலாம், பஸ்ஸில் விட்டுவிடலாம். இரண்டு ஸ்ரைக்கர்களை மாறிமாறிப் பாவித்து இரண்டையும் கைக்குப் பழக்கி வைத்திருங்கள்.

ஒவ்வொரு அடிக்கும் முன்

பூலில் சோக் பூசுவது செய்கிற வேலையை இங்கே ஸ்ரைக்கரை வைப்பது செய்ய வேண்டும். ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: கை மடியில் இருக்கும்போதே போட்டைப் பார்த்து எந்தக் காய், எந்தக் குழி, ஸ்ரைக்கர் கடைசியில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுங்கள். முடிவெடுத்தபின் ஸ்ரைக்கரை அடிக்கோடுகள் இரண்டிலும் படும்படி வையுங்கள். குழியைப் பாருங்கள், காயைப் பாருங்கள், ஸ்ரைக்கரைப் பாருங்கள். மூச்சை விடுங்கள். மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில் அடியுங்கள்.

இதில் மிக முக்கியமான விதி, விரலை வைத்தபின் முடிவை மாற்றக் கூடாது. ஒரு உதாரணம் பாருங்கள். உங்கள் வெள்ளை வலது மேல் குழியை ஒட்டி நிற்கிறது, அதன் முன்னால் எதிராளியின் கறுப்பு பாதி மறைக்கிறது. இடது பக்கம் இன்னொரு வெள்ளை, நேர் அடி. நேர் அடி என்று முடிவெடுத்து ஸ்ரைக்கரை வைத்துவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து, “வலதைச் சட்டத்தில் பட்டு அடித்தால் கறுப்பும் விலகுமே” என்று தோன்றும். கை வலதுக்கு நகரும், கண் இன்னும் இடதில் இருக்கும், அடி இரண்டுக்கும் நடுவே போகும். புதிய யோசனை உண்மையிலேயே நல்லதென்றால் விரலை எடுத்து, கையை மடிக்குக் கொண்டுவந்து, முதலில் இருந்து தொடங்குங்கள். 15 விநாடியில் அதற்கும் இடமிருக்கிறது.

எதிராளி அடிக்கும்போது

கரத்தில் தோற்பவர்களில் பலர் தாங்கள் அடிக்காத நேரத்தில்தான் தோற்கிறார்கள் என்பது என் திடமான எண்ணம். எதிராளி ஆறு, ஏழு என்று தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரு முழத் தூரத்தில், ஒன்றும் செய்ய முடியாமல், அசையாமல் இருக்க வேண்டும். பேசக் கூடாது; ஏதும் சொல்வதென்றால் நடுவரிடம்தான். அந்த நேரத்தில் மனதை விட்டால் அது, “விழக்கூடாது, விழக்கூடாது” என்று ஒவ்வொரு காயோடும் ஓடும். காய் விழ விழ நெஞ்சு இறுகும். பிறகு அவர் ஒன்றைப் பிழைக்கவிட்டு உங்கள் முறை வந்ததும், இவ்வளவு நேரம் இறுகியிருந்த கையால் அவசரமாக அடிப்பீர்கள்.

இதற்கு மருந்து, கண்ணுக்கு வேலை கொடுப்பது. எதிராளியின் முகத்தைப் பார்க்காதீர்கள், விழுகிற காயையும் பார்க்காதீர்கள். உங்கள் நிறக் காய்களை மட்டும் பாருங்கள். அவருடைய ஒவ்வொரு அடிக்குப் பிறகும் உங்கள் காய்களில் எது நகர்ந்தது, இப்போது முறை வந்தால் முதலாவது எது, அதிலிருந்து இரண்டாவது எது என்று வரிசையை மனதில் மாற்றிக்கொண்டே இருங்கள். எப்போது முறை வந்தாலும் பதில் தயாராக இருக்கும். வேலை இருக்கிற மனதுக்குப் பயப்பட நேரமில்லை.

உடம்புக்கும் இடம் சொல்லிக்கொடுங்கள். இரண்டு பாதமும் நிலத்தில், அடிக்கிற கை மடியில் விரித்தபடி, துவாய் மற்றக் கையில். அவர் ஒரு காய் போட்டதும் நீங்கள் ஒரு மூச்சு விட வேண்டும். அவருடைய அடியையே உங்கள் மூச்சுக்குத் தாளமாக்கிக்கொள்ளலாம். நெற்றி வியர்வை போட்டில் சொட்டுவதற்கு முன் துடைத்துக்கொள்ளுங்கள். பெருமூச்சு, உச்சுக்கொட்டல், தலையாட்டல் வேண்டாம்; அவை எதிராளிக்குச் செய்தி சொல்லும், உங்கள் மனதுக்கும் அதையே சொல்லும்.

இதை நேரில் கற்றுக்கொள்ள வசதியில்லாவிட்டால் கைத்தொலைபேசியில் பாருங்கள். கொழும்பில் 2012 இல் நடந்த உலகச் சம்பியன்சிப்பில் ஆண்கள் ஒற்றையரை நம் நாட்டு நிசாந்த பெர்னாண்டோ வென்றார். சென்னையில் ஓட்டோ ஓட்டுபவரின் மகளான காசிமா 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் தங்கங்களோடு திரும்பினார். இப்படிப்பட்ட பெரிய வீரர்களின் ஆட்டக் காணொளிகள் தேடினால் கிடைக்கும். முதல் தடவை அடிகளைப் பார்ப்பீர்கள், அது சரி. இரண்டாம் தடவை அடிக்காமல் இருப்பவரின் கையையும் கண்ணையும் மட்டும் பாருங்கள்.

இரட்டையர் ஆட்டம்

சோடி எதிரே இருப்பார், ஆட்டம் தொடங்கியபின் கதைக்கவோ சைகை காட்டவோ முடியாது. ஆகவே முன்கூட்டிப் பேசி வையுங்கள்: முதல் அடி யார், சிவப்பை எப்போது தேடுவது, ஒருவர் பிழைவிட்டால் மற்றவர் முகம் எப்படி இருக்க வேண்டும். கடைசிதான் மிக முக்கியம். சோடி பிழைவிட்டதும் முகம் சுளிக்கிற ஒருவரோடு விளையாடுவதைவிடத் தனியாக விளையாடுவது மேல்.

ஒரு ஆட்டம் போனபின்

முதல் ஆட்டத்தைத் தோற்றால் அடுத்ததைத் தொடங்குமுன் கிடைக்கிற சிறிய இடைவெளியில் நடுவரிடம் கேட்டுப் போய்க் கையைக் கழுவி வாருங்கள். எந்த அடி பிழைத்தது என்று நண்பர்கள் விளக்கம் சொல்ல வருவார்கள். “பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிடலாம், கோபிக்கமாட்டார்கள். தண்ணீர் இரண்டு மிடறு. பக்கம் மாறி இருந்ததும் வெளிச்சம் இப்போது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் அடிக்குச் சாதாரண வேகம், முதல் காய்க்கு இருப்பதில் இலகுவானது. வென்றிருந்தாலும் இதே ஒழுங்குதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: போட்டின் ஓட்டம் எப்படி இருந்தது, கை எந்த நேரத்தில் இறுகியது, அப்போது மனதில் என்ன ஓடியது. எத்தனைக்கு எத்தனை என்பதை ஊரே சொல்லும், அதை எழுத வேண்டாம். அடுத்த நாள் வாசிகசாலைக்குப் போகும்போது அந்தக் கொப்பியில் இரண்டாவது வரியைப் பார்த்து, எந்த இடத்தில் கை இறுகியதோ அந்த மாதிரி அடியில் இருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.